பாலைநிலத்துப் பாறைகளும் நம் ஊர்ச் சுண்ணாம்புமலையும்

அவைத்தலைவர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, மணிமன்றத்து இளைஞர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் லயத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியை அவர்களுக்கும், வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலய நிர்வாகத்தாருக்கும் நன்றி கூறாமல் பேச்சைத் தொடங்குவது முறையாகாது.

சென்ற ஆண்டு மகன் குடும்பத்தோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காரிலேயே பத்து நாள் பயணம் செய்து, சையன், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ் ஆகிய பூங்காக்களைக் கண்டேன். அந்தப் பாறைகள் எப்படி உருவாயின, அவற்றை எப்படிக் காக்கிறார்கள், நாம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் பேச வந்துள்ளேன்.

எறும்பூரக் கல்லும் தேயும் என்பார் என் தாயார். ஆர்ச்சஸ் பூங்காவில் அந்த எறும்பு தண்ணீர்தான். மணற்பாறையின் வெடிப்பில் இறங்கும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லை இம்மி இம்மியாக நெம்பி நெம்பி, 2,000க்கும் மேற்பட்ட கல்வளைவுகளைச் செதுக்கியிருக்கிறது. 2008இல் வால் ஆர்ச் என்ற வளைவு ஓர் இரவில் இடிந்து விழுந்தது. இயற்கை கட்டியதை இயற்கையே எடுத்துக்கொண்டால் நமக்கு வழக்கில்லை.

அங்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டெலிகேட் ஆர்ச் என்ற கல்வளைவுக்குப் போகும் வழியில் என் பேரன் பாதையை விட்டிறங்கிக் கருநிற மண்மேல் காலெடுத்து வைக்கப் போனான். பூங்காக் காவலரான ஒரு பெண்மணி விரைந்து வந்து, அவன் உயரத்துக்குக் குனிந்து, அந்த மண் உயிருள்ளது என்றும், நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து நெய்த அந்த மேலோட்டில் ஒரு காலடி பட்டால் அது ஆறப் பல ஆண்டுகள் ஆகும் என்றும் பொறுமையாக விளக்கினார். எனக்கு என் தாயாரின் குரலே கேட்டது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய அவர், கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்று சொல்லி, என் கையைப் பிடித்து வெட்டப் பழக்கினார். ஏட்டுக் கல்வி இல்லாத தோட்டத்துப் பெண்ணும் சீருடை அணிந்த அந்தக் காவலரும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார்கள்.

ஆர்ச்சஸ் 1929இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1971இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது என்பதோடு இரண்டாம் செய்தியை நிறுத்தி, நம் மலைக்கு வருகிறேன்.

மலேசியாவில் நம் பேராக் மாநிலத்தின் சுண்ணாம்புமலைகளும் நீர் செதுக்கியவையே. கோப்பேங்கின் குவா தெம்புருங் குகையைப் பார்த்தவர்களுக்கு, மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து எழுப்பிய மாளிகை தெரியும். கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்கா, அதாவது பாறையும் நிலவடிவமும் போற்றப்படும் இடம், ஆனது. ஆனால் நம் ஆலயத்தின் பின்னால் நிற்கும் மலையை நோக்கிக் கல்லுடைப்பு நகர்ந்து வருகிறது. எறும்பூரத் தேய்ந்த கல்லுக்கு எண்ணிப் பார்க்க முடியாத காலம் சென்றது. வெடிமருந்துக்கு ஒரு பிற்பகல் போதும்.

இந்த மலையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்குமாறு மாநில அரசுக்கு எழுதிய மனு, மண்டப வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத இயலாத பெரியவர்களுக்கு மணிமன்றத்துப் பிள்ளைகள் உதவுவார்கள். வணக்கம்.