முதலில் பார்த்தவர் சொன்ன சொல்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம். ஒரு திரைப்படத்தின் மதிப்பை உணர்த்துவதில் முந்தி நிற்பது சாதாரண ரசிகரின் பேச்சா, தேர்ந்த விமர்சகரின் எழுத்தா என்பதே இந்த மன்றத்தின் முன் உள்ள வழக்கு. ரசிகரின் பேச்சே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ரசிகர் காரணம் சொல்லத் தெரியாதவர், 'நல்லா இருக்கு', 'மொக்கை' என்ற இரண்டு சொற்களோடு முடித்துக்கொள்பவர் என்றார். சினிமா பிறந்த நாட்களில் திரையில் வரும் ரயிலை நிஜமென்று நம்பி எழுந்து ஓடிய கூட்டத்தின் வழி வந்தவர்களுக்குக் கலையை எடைபோடும் பக்குவம் ஏது என்று கேட்டார். ரசிகர் கருத்துக்குச் செவிசாய்த்ததால்தான் அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் எடுத்த அரிய படமொன்று சிதைந்தது என்றும் வருந்தினார்.

ரயில் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் நூறாண்டுகளுக்கும் மேலாக ரசிகர்மீது சுமத்தப்பட்டுவரும் பழி அது. சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்கு முதன்முதலாகப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28 அன்று, பாரிஸில். அன்று காட்டப்பட்ட பத்துக் குறும்படங்களில், நிலையத்துக்குள் ரயில் வந்து நிற்கும் படம் இடம்பெறவே இல்லை. அது பொதுமக்களின் பார்வைக்கு வந்தது அடுத்த ஆண்டில்தான். அப்போதும் மக்கள் அலறியடித்து ஓடினார்கள் என்பதற்கு அக்காலத்து நேரடிச் சான்று எதுவும் இல்லை என்று திரைப்பட வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் அடைந்த வியப்பை, பார்க்காதவர்கள் பயமாக மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன். அந்த எழுத்தை நம்பி அந்த மனிதர்களை அறியாதவர்கள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்து, ரசிகர் காரணம் சொல்வதில்லை என்ற குற்றச்சாட்டு. படம் விட்டு வெளியே வருபவர்கள் பேசுவதை நண்பர் சற்று நின்று கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். 'முதல் பாதி போனதே தெரியல, இடைவேளைக்கு அப்புறம் இழுவை' என்கிறார் ஒருவர். திரைக்கதையின் முடிச்சு இடைவேளைக்கு முன்பே அவிழ்ந்துவிட்டது, அதன்பின் கதையை நகர்த்தும் விசை எதுவும் இல்லை என்று ஒரு பக்கத்துக்கு எழுதவேண்டிய செய்தியை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். 'வில்லன் வந்த பிறகுதான் படமே சூடு பிடிக்குது' என்கிறார் இன்னொருவர். நாயகனுக்குத் தடையாக நிற்க ஆள் இல்லாதவரை நாடகம் பிறப்பதில்லை என்ற கலை நுட்பம் அதற்குள் இருக்கிறது. 'அந்தப் பாட்டு அந்த இடத்துல வந்திருக்க வேண்டாம்' என்பவர் இசையைக் குறை கூறவில்லை. பாடல் நல்ல பாடலாகவே இருந்தாலும் அது வைக்கப்பட்ட இடம் கதையின் ஓட்டத்தை அறுக்கிறது என்று பாடலையும் இடத்தையும் பிரித்தறிந்து பேசுகிறார். 'ஒரு தடவை பார்க்கலாம்' என்ற சொற்றொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் ஏமாற்றவில்லை, ஆனால் மனத்தில் தங்கவும் இல்லை என்பதை இதைவிட நேர்மையாக எந்த நட்சத்திர மதிப்பீடும் சொல்லிவிடாது. காரணம் இல்லாமல் இல்லை, நடுவர் அவர்களே, கலைச்சொற்கள்தாம் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். விமர்சகர் தாம் அறியாத ஆயிரம் பேருக்கு எழுதுகிறார்; ரசிகரோ தமக்கு நன்கு தெரிந்த ஒருவரிடம் பேசுகிறார். 'உனக்குப் பிடிக்கும், போ' என்று தங்கையிடமும், 'அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதே, ரத்தம் அதிகம்' என்று நண்பனிடமும் ஒருவர் சொல்லும்போது, படத்தை மட்டும் அல்ல, அதைப் பார்க்கப்போகும் மனத்தையும் அறிந்துகொண்டு சொல்கிறார். கேட்பவருக்கும் சொல்பவரின் சுவை தெரியும். அடிதடிப் படங்களையே விரும்பும் அண்ணன் ஒரு படத்தை மெதுவாகப் போகிறது என்றால், அந்த மெதுவில் தனக்கு வேண்டியது ஏதாவது இருக்கலாம் என்று தங்கை கணக்கிட்டுக்கொள்கிறாள். தவறாகச் சொன்னால் மறுநாளே 'உன் பேச்சைக் கேட்டுப் போனேனே' என்ற கேள்வி வந்து நிற்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சிப் பேசப்படும் சொல்லைப் பொறுப்பற்ற சொல் என்று தள்ளிவிட முடியாது.

படம் வெளிவருமுன்பே வாழ்த்தத் தயாராக இருக்கும் நட்சத்திர வெறியரையும், போட்டி நடிகரின் படம் என்பதற்காகவே தூற்றக் கிளம்புபவரையும் எதிரணியினர் என் கட்சியில் சேர்க்கக் கூடும். அவர்கள் படத்தைப் பார்க்குமுன்பே பேசி முடித்துவிட்டவர்கள். பார்த்த பின் பேசுபவருக்காக மட்டுமே நான் இங்கு நிற்கிறேன்.

இனி ஆர்சன் வெல்ஸின் படத்துக்கு வருகிறேன். 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' 1942 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் பொமோனா நகரில், வெளியீட்டுக்கு முன் ரசிகர் கருத்தை அறிவதற்காகத் திரையிடப்பட்டது உண்மை. பலர் சலித்துக்கொண்டதும் கருத்து அட்டைகளில் கடுமையாக எழுதியதும் உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் எந்த மனநிலையில் அமர்ந்திருந்தது என்பதை நண்பர் சொல்லாமல் விட்டார். போர்க்காலத்தில், ஓர் இசை நகைச்சுவைப் படத்தைப் பார்த்து முடித்த கையோடு, ஒரு குடும்பம் நொடித்துப்போகும் துயரக் கதை அவர்கள் முன் வைக்கப்பட்டது. அப்படி இருந்தும் அந்த அட்டைகளில் சில படத்தை மனமாரப் பாராட்டின. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடிய அந்தப் படத்தை 88 நிமிடங்களாக வெட்டியதும், முடிவை மாற்றிப் படமாக்கியதும் தயாரிப்பு நிறுவனம். வெட்டிய சுருளைப் பாதுகாக்காமல் அழித்ததும் அதே நிறுவனம்தான். ஓர் இரவில் சொல்லப்பட்ட கருத்தை ஆணையாக எடுத்துக்கொண்டு கத்தரியை எடுத்தவர்களின் பிழையை, கேட்டதற்குப் பதில் எழுதிக் கொடுத்த மனிதர்களின் கணக்கில் எழுதுவது நியாயம் அன்று.

ரசிகர் ஒருபோதும் தவறியதில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. 1954-இல் பாடல்களே இல்லாமல் வெளிவந்த 'அந்த நாள்' படத்துக்கு அன்றைய திரையரங்குகளில் உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. இன்று அதைத் தமிழ்த் திரையின் துணிவான முயற்சிகளுள் ஒன்றாகப் போற்றுகிறோம். அந்த இடத்தில் ரசிகர் அவசரப்பட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல படம் ஒன்றை எல்லாரும் கைவிட்ட நிலையில் அதைக் கரையேற்றியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் அவரே வந்து நிற்கிறார். 'சேது' முடிந்தும் வாங்க ஆளின்றி நெடுநாள் காத்திருந்து, 1999 டிசம்பரில் மிகக் குறைந்த காட்சிகளோடு வெளியானது. பார்த்த சிலர் பார்க்காத பலரிடம் சொல்லிச் சொல்லியே காட்சிகள் பெருகின, நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குப் பிறகு வந்தது.

'ஷோலே' கதை இன்னும் தெளிவானது. 1975 ஆகஸ்ட் 15 அன்று அது வெளியானபோது விமர்சகர்கள் பலர் கடுமையாக எழுதினார்கள், வணிக வட்டாரம் தோல்வி என்றே கணித்தது, படக்குழுவினர் முடிவை மாற்றி மீண்டும் எடுக்கலாமா என்றுகூட ஆலோசித்தார்கள். இவ்வளவுக்கும் நடுவே, அரங்கைவிட்டு வெளியே வந்தவர்கள் அதன் வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டே வசனங்களைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பம்பாயின் மினர்வா அரங்கில் அந்தப் படம் 5 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அந்த ஆண்டின் ஃபிலிம்ஃபேர் விருதுகளில் படத்தொகுப்புக்காக ஒரே ஒரு விருது பெற்ற அதே படத்தை, 2005-இல் ஐம்பது ஆண்டுகளின் சிறந்த படம் என்று அதே விருது அமைப்பு அறிவித்தது. வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் சில வாரங்களில் கண்டுகொண்டதை ஒப்புக்கொள்ளத் தேர்ந்தவர்களுக்கு முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

விமர்சகரின் பாராட்டு மட்டும் போதும் என்றால், 1994-இல் வெளியான 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' முதல் ஓட்டத்திலேயே வென்றிருக்கவேண்டும். விமர்சகர்கள் பலர் பாராட்டினார்கள், ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளும் கிடைத்தன. அரங்குகளோ காலியாகக் கிடந்தன. வீடியோ நாடாவை வாடகைக்கு எடுத்துப் பார்த்தவரும், தொலைக்காட்சியில் தற்செயலாகப் பாதியிலிருந்து பார்க்க நேர்ந்தவரும் அடுத்தவரிடம் சொன்ன பிறகே அந்தப் படம் உலகம் அறிந்த படமானது.

நிறைவாக, எதிரணியினர் பெரிதும் மதிக்கும் விமர்சகர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1960-இல் இயக்குநர் ஹிட்ச்காக் தம் திகில் படமான 'சைக்கோ'வை வெளியிட்டபோது, விமர்சகர்களுக்கென்று முன்கூட்டியே தனிக் காட்சி வைக்க மறுத்துவிட்டார். அவர்களும் பொதுமக்களோடு அரங்கில் அமர்ந்தே பார்க்க வேண்டியிருந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை, கிடைத்த விமர்சனங்களும் கலவையாகவே இருந்தன. நான் சாட்சிக்கு அழைத்த, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விமர்சகர் போஸ்லி க்ரௌதரும் தம் முதல் விமர்சனத்தில் படத்தை அவ்வளவாக மெச்சவில்லை. மக்களோ நீண்ட வரிசைகளில் நின்று பார்த்தார்கள். முடிவை வெளியில் சொல்லவேண்டாம் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டதை மதித்து, கதையைக் காட்டிக்கொடுக்காமலே 'கட்டாயம் பார்' என்று மற்றவர்களை அனுப்பிவைத்தார்கள். அந்த ஆண்டு முடிவில் க்ரௌதர் வெளியிட்ட சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் 'சைக்கோ' இருந்தது. கோடையில் எழுதியதை ஆண்டிறுதியில் திருத்திக்கொண்ட அவருடைய நேர்மையை நான் வணங்குகிறேன். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லையே. பின் எந்தக் குரல் அவரை மறுபடியும் யோசிக்கவைத்தது என்பதை எதிரணி நண்பர்கள் தங்கள் முறை வரும்போது இந்த மன்றத்துக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.