ஏபிஎஸ் வயரை வெட்டாதேங்கோ! மண் றோட்டுக்கு ஒரு ரிலே போதும்

வணக்கம் உறவுகளே. இப்ப நிக்கிறது திருகோணமலையில, கன்னியா தாண்டி உள்ளுக்குப் போற ஒரு கிறவல் றோட்டு. கச்சான் காத்து நல்லா அடிக்குது, மைக்குக்குப் பஞ்சு போட்டும் இரைச்சல் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்கு அட்வென்சர் பைக்கின்ர ஏபிஎஸ்ஸைப் பற்றி, அதாவது பிரேக் பிடிக்கேக்க சில்லு சுத்தாமல் இறுகி லொக் ஆகாமல் பாக்கிற அமைப்பைப் பற்றிக் கதைக்கப் போறன். மண் றோட்டில ஓடுறதுக்கு அதில எதை மாத்தலாம், எதில கைவைக்கவே கூடாது எண்டு.

ஏன் இதை அவசரமா எடுக்கிறன் எண்டா, எங்கட திருகோணமலைப் பெடியள் கனபேர் ஏபிஎஸ் வயரை வெட்டிப்போட்டு ஓடுறாங்கள். பியூஸைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடுறவங்களும் இருக்கிறாங்கள். மண் றோட்டில ஏபிஎஸ் இடைஞ்சல் எண்டு அவங்கள் சொல்லுறது பொய்யில்லை. ஆனா அந்தப் பைக்கிலதான் பின்னேரம் நிலாவெளி றோட்டால வீட்டை போறீங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில போறீங்கள். யானை குறுக்க வாற றோட்டு அது. அங்க முன் சில்லு லொக் ஆனா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

முதல்ல இந்தச் சாமான் என்ன செய்யுது எண்டு பாப்பம். கமராவைக் கீழ கொண்டுபோறன். இங்க, டிஸ்குக்குப் பக்கத்தில ஓட்டை ஓட்டையா ஒரு வளையம் தெரியுதா? அதுக்கு முன்னால கறுப்பா ஒரு சின்ன முனை இருக்கு, அதுதான் சென்சர். வளையத்துக்கும் அதுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். சில்லு சுத்துற வேகத்தை அது ஏபிஎஸ் பெட்டிக்கு, அதாவது பிரேக்கைக் கட்டுப்படுத்துற பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் பிரேக் அமத்தேக்க ஒரு சில்லு மட்டும் திடீரெண்டு வேகம் விட்டா, லொக் ஆகப்போகுது எண்டு பெட்டி எடுத்துக்கொள்ளும். உள்ளுக்கு இருக்கிற ஒரு வால்வை மூடி, இன்னொண்டைத் திறந்து, பிரேக்கின்ர அழுத்தத்தைக் குறைக்கும். சில்லு திரும்பச் சுத்தத் தொடங்கினதும் அழுத்தத்தைத் திரும்பக் குடுக்கும். ஒரு செக்கனுக்குள்ள இது பல தரம் நடக்கும். லீவரிலயும் பெடலிலயும் ஒரு துடிப்புத் தெரியுதெல்லோ, அது இதாலதான்.

1988 இல பிஎம்டபிள்யூ கே100 க்கு முதல் முதல் ஏபிஎஸ் வரேக்க அந்த அமைப்பு மட்டும் 11 கிலோ. இப்ப வாறது ஒரு கிலோவுக்கும் குறைய. இந்தியாவில 125 சீசீக்கு மேற்பட்ட வண்டியளுக்கு இது கட்டாயம். 2018 ஏப்ரலில புது மொடலுகளுக்கு வந்தது, 2019 ஏப்ரலில எல்லாத்துக்கும் வந்தது. எங்களுக்கு வாற வண்டியள் கனக்க அங்க இருந்துதான் வருது, அதால இங்கயும் கனக்க வண்டியளில ஏபிஎஸ் இருக்கு.

சரி, மண்ணில என்ன பிரச்சினை? தார் றோட்டில சில்லு லொக் ஆனா சறுக்கும், அவ்வளவுதான். ஆழமான சல்லியிலயோ மணலிலயோ லொக் ஆனா, டயர் முன்னால இருக்கிற மண்ணைக் கூட்டிக் குவிச்சுக்கொண்டு போகும். அந்தக் குவியல்தான் வண்டியைப் பிடிக்கும். ஏபிஎஸ் அந்தக் குவியல் சேரவே விடாது. டயர் மண்ணுக்கு மேலாலயே உருண்டு உருண்டு போய்க்கொண்டிருக்கும்.

இறக்கம் இன்னும் மோசம். இந்த இறக்கத்தைப் பாருங்கோ. மழைத்தண்ணி ஓடி நடுவில வாய்க்கால் விழுந்திருக்கு, ரெண்டு பக்கமும் உருளுற கல்லு. இதில இறங்கேக்க பின் சில்லு கல்லில ஏறி ஒரு நொடி நிலத்தை விட்டுக் கிளம்பும். பிரேக் பிடிச்சபடி கிளம்பின சில்லு உடன நிக்கும். லொக் ஆயிற்று எண்டு நினைச்சுப் பெட்டி அழுத்தத்தை விடும். சில்லு கீழ வந்து பட்டு அழுத்தம் திரும்ப வரேக்க, அடுத்த கல்லு வந்திடும். நீங்கள் பெடலை முழுசா மிதிச்சுக்கொண்டு நிப்பீங்கள், வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போகும். முதல் தரம் இதை அனுபவிச்ச ஒருத்தரும் மறக்க மாட்டினம். அந்தப் பயத்திலதான் ஆக்கள் வயரை வெட்டுறது, அது எனக்கு நல்லா விளங்குது.

இப்ப ஓடிக் காட்டுறன். சமதரையில, இந்தச் சல்லி தடிப்பா இருக்கிற துண்டில, மணிக்கு 40 கிலோமீற்றரில வந்து அந்தப் பாலை மரத்தடியில பிரேக் பிடிக்கிறன். முதல்ல ஏபிஎஸ்ஸோட... சரி. நிண்ட இடத்தில ஒரு கல்லு வைக்கிறன். இப்ப ஓஃப் பண்ணிப்போட்டு (எப்பிடி எண்டு பிறகு காட்டுறன்), அதே வேகம், அதே இடம்... பாத்தீங்களோ? கல்லுக்கு ஒரு வண்டி நீளத்துக்கு மேல இங்காலயே நிண்டிட்டுது. பின் டயர் இழுத்த கோடும், அது முடியிற இடத்தில குவிஞ்ச சல்லியும் வடிவாத் தெரியுது.

அதுக்காக எல்லா மண் றோட்டிலயும் இப்பிடித்தான் எண்டு எடுக்காதேங்கோ. இங்கால வாங்கோ. இந்தத் துண்டு இறுகின கிறவல், மேல மட்டும் மெல்லிசாப் பொடிக்கல்லு. இதில லொக் ஆனா குவிய மண் இல்லை, பொடிக்கல்லில வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இங்க ஏபிஎஸ் கெட்டிக்காரன். முன் சில்லைப் பொறுத்தவரை நான் இன்னும் கண்டிப்பாச் சொல்லுவன். பின் சில்லு லொக் ஆனா வால் ஆடும், பழகினாப் பிடிச்சுக்கொள்ளலாம். முன் சில்லு லொக் ஆனா ஹாண்டிலுக்கு வேலையில்லை, விழுந்த பிறகுதான் தெரியவரும். அதாலதான் கம்பனியள் பின்னுக்கு மட்டும் ஓஃப் பண்ணுற வசதியை வச்சிருக்கினம். ஹிமாலயன் 411 க்கு 2020 இல வந்த சுவிட்ச் பின் ஏபிஎஸ்ஸை மட்டும்தான் நிப்பாட்டும். கேடிஎம் 390 அட்வென்சரின்ர ஓஃப்றோட் மோடும் பின்னுக்கு எடுத்துவிட்டு முன்னுக்கு வச்சிருக்கும், ஆனா முன்னுக்கும் தலையிடுறது குறைவு. எக்ஸ்பல்ஸ் 200 4வி க்கு 2023 இல மூண்டு மோடு குடுத்தவை, அதில ராலி மோடு போட்டா முழுசா ஓஃப். உங்கட வண்டியில இப்பிடி ஒண்டு இருந்தா நீங்கள் ஒரு வயரும் தொடத் தேவையில்லை. இருக்கிற சுவிட்ச்சைப் பழகுங்கோ.

பிரச்சினை, சுவிட்ச் இல்லாத வண்டியளுக்கு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப்பிறகு 2025 இல திறக்கும்வரைக்கும் நாங்கள் பழைய வண்டியளைத்தானே திருத்தித் திருத்தி ஓடினது. என்ர வண்டியும் அந்த ஜாதிதான். ரெண்டு சில்லுக்கும் ஏபிஎஸ், சுவிட்ச் இல்லை.

கனபேர் நம்பிற ஒரு விசயம் இருக்கு. பின் சென்சர் வயரில ஒரு சுவிட்ச் போட்டா பின் ஏபிஎஸ் மட்டும் நிக்கும், முன்னுக்கு வேலை செய்யும் எண்டு. பெரும்பாலான வண்டியில அப்பிடி நடக்காது. ஒரு சென்சரில இருந்து தகவல் வராட்டி பெட்டி அதைப் பழுது எண்டு எடுத்து, முழு ஏபிஎஸ்ஸையும் மூடிப்போட்டு லைற்றைப் பத்த வைக்கும். நீங்கள் முன் சில்லுக்கு ஏபிஎஸ் இருக்கு எண்ட நம்பிக்கையில லீவரை இறுக்கிப் பிடிப்பீங்கள். அதோட சில வண்டியில ஸ்பீடோ மீற்றருக்குப் போறதும் அதே சென்சரின்ர தகவல்தான், முள்ளும் விழுந்திடும்.

அடுத்தது, தயவுசெய்து செய்யவே செய்யாதேங்கோ எண்டு நான் கெஞ்சிக் கேக்கிற ஒண்டு. பெட்டிக்குப் போற பிரேக் பைப்பைக் கழட்டி, மாஸ்ரர் சிலிண்டரில (லீவர் அமத்தேக்க பிரேக் ஒயிலைத் தள்ளுறது) இருந்து நேர கலிப்பருக்கு (டிஸ்கை நெருக்கிப் பிடிக்கிறது) இழுக்கிறது. ஒரு கராஜில இப்பிடிச் செய்த வண்டியைப் பாத்தனான், பெயர் வேண்டாம். காத்து ஒழுங்கா எடுக்கேல்ல, லீவர் ஹாண்டில் வரைக்கும் வருது. அந்தப் பெடியன் அதில மூதூருக்குப் போய் வாறவன். இதுக்குத் தேவையே இல்லை உறவுகளே. ஏனெண்டா அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லாட்டி, உள்ள போற வால்வு திறந்தபடி இருக்கும், வெளிய விடுற வால்வு மூடினபடி இருக்கும். அதாவது கரண்ட் இல்லாத ஏபிஎஸ் பெட்டிக்குள்ளால பிரேக் ஒயில் நேராப் போகும், சாதாரண பிரேக் அப்பிடியே கிடைக்கும். அப்ப எங்களுக்கு வேண்டியது கரண்ட்டை நிப்பாட்ட ஒரு நல்ல வழி மட்டும்தான்.

அந்த வழி இதுதான். சீற்றுக்குக் கீழ பாருங்கோ. அஞ்சு காலுள்ள சாதாரண ரிலே, அதாவது கரண்டால இயங்குற சுவிட்ச், ஹோர்னுக்கும் ஹெட்லைற்றுக்கும் போடுறது. காலுகளில நம்பர் அடிச்சிருக்கும். 30 க்கு, சாவி போட்டா மட்டும் வாற கரண்ட். 87ஏ இல இருந்து ஏபிஎஸ் பெட்டிக்கு. 85 எர்த்துக்கு. 87 ஐயும் 86 ஐயும் ஒரு துண்டு வயரால சேர்த்துவிடுறது. பிறகு ஒரு அமத்துற பட்டன், கையை எடுத்தாத் தானா வெளிய வாற வகை, அது 30 க்கும் 86 க்கும் நடுவில.

சாவி போட்டதும் ரிலே சும்மா இருக்கும், கரண்ட் 87ஏ வழியா ஏபிஎஸ்ஸுக்குப் போகும், எல்லாம் வழமைபோல. பட்டனை ஒருக்கா அமத்தினா ரிலே இழுக்கும், ஏபிஎஸ்ஸின்ர கரண்ட் நிக்கும், 87 க்கு வாற கரண்ட் 86 க்குப் போய் ரிலேயை இழுத்தபடியே வச்சிருக்கும். சாவியை நிப்பாட்டினா ரிலே விடும். அடுத்த தரம் ஸ்ராட் பண்ணேக்க ஏபிஎஸ் தானா வந்திடும். இதுதான் எனக்கு இதில ஆகப் பிடிச்சது. நீங்கள் மறந்தாலும் அது மறக்காது. சாதாரண ஒன்-ஓஃப் சுவிட்ச் போட்டா, ஓஃபில விட்டது கிழமைக்கணக்கா ஓஃபிலயே கிடக்கும். அதைப் போடாதேங்கோ.

எந்த வயரை எடுக்கிறது எண்டதுதான் முக்கியம். பெட்டிக்குப் பற்றறியில இருந்து நேர வாற தடிச்ச வயருகள் இருக்கும், மோட்டருக்கும் வால்வுகளுக்கும். அதுகளைத் தொடுறேல்ல. சாவியோட வாற மெல்லிய வயர் ஒண்டு இருக்கும், அதைத்தான் ரிலேக்குள்ளால எடுக்கிறது. உங்கட வண்டியின்ர சேர்விஸ் மனுவலில வயரிங் படம் பாத்து, மீற்றர் வச்சு உறுதிப்படுத்தாமல் ஒரு வயரும் வெட்டக்கூடாது. ட்ராக்ஷன் கொன்ட்ரோல் (சில்லு வழுக்கிச் சுத்தாமல் பாக்கிறது), றைட்-பை-வயர் (அக்ஸிலேற்றர் கேபிளுக்குப் பதிலா வயரால இயங்கிறது) எல்லாம் உள்ள பெரிய வண்டியளுக்கு இது சரிவராது. அதுகளுக்கு மென்பொருள் வழியாத்தான் போகவேணும்.

இப்பிடி ஓஃப் பண்ணினா முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்துத்தான் நிக்கும். முன்னுக்கு மட்டும் விட்டுவைக்கிற வசதி வயரால வராது. அதால நான் ஓஃப் பண்ணுறது செங்குத்தா இறங்கேக்கயும், ஆழமான மணலிலயும் மட்டும்தான். வண்டியை நிப்பாட்டிப்போட்டுத்தான் பட்டனை அமத்துவன், ஓடிக்கொண்டு ஒரு நாளும் இல்லை. இறக்கத்தில முன் லீவருக்கு ரெண்டு விரல்தான், மெதுவா. பாரத்தைப் பின் பிரேக்கும் முதலாம் கியரும் எடுக்கும். நிண்டுகொண்டு ஓடுறவங்கள் பின் பெடலின்ர உயரத்தையும் ஒருக்காப் பாருங்கோ. இருந்து ஓடேக்க சரியா இருக்கிற பெடல், எழும்பி நிண்டாக் காலுக்கு எட்டாது.

இன்னொரு விசயம், இது எங்கட பக்கத்து ஆக்களுக்கு மட்டும். புல்மோட்டைக் கரையில ஓடினீங்கள் எண்டா, வந்த உடன சென்சர் முனையைத் துடையுங்கோ. அங்க இருக்கிறது இல்மனைட் மணல், இரும்பு கலந்த கறுப்பு மணல். நான் அங்க இருந்து ஒரு போத்தலில கொண்டுவந்தனான், பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்டைக் கிட்ட பிடிக்கிறன் பாருங்கோ... கறுப்புத் துகளுகள் எழும்பி ஒட்டுதா? பல சென்சர் முனைக்குள்ளயும் காந்தம்தான் இருக்குது. போன முறை கழட்டேக்க முனையில கறுப்பா மாவு மாதிரி அப்பியிருந்தது. இடைவெளியே ஒரு மில்லிமீற்றர் எண்டா, அதுக்குள்ள இது நிறைஞ்சா ஏபிஎஸ் லைற் பத்தாமல் என்ன செய்யும்? துணியால துடைச்சு, வளையத்தின்ர ஓட்டையளையும் பிரஷ்ஷால தட்டிவிட்டாச் சரி. கடல் காத்துக்குக் கனெக்டருகளும் பச்சை பிடிக்கும், சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் வையுங்கோ. லைற் பத்தின உடன பெட்டி போச்சு எண்டு காசைக் கொட்டாதேங்கோ, முதல்ல இதைப் பாருங்கோ.

றிம் மாத்துறவங்களுக்கும் ஒரு சொல்லு. பின்னுக்கு 17 இஞ்சியைக் கழட்டி 18 போட்டா, முன் பின் சில்லுகளின்ர வேகக் கணக்குப் பிசகும், பெட்டி அதையும் பழுது எண்டு எடுக்கலாம். அதே அளவில குமிழ் டயர் (மண்ணில பிடிக்கிற பெரிய கட்டை உள்ளது) போடுறதுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சொல்லப்போனா ஏபிஎஸ்ஸைத் தொட முதல் டயரை மாத்துங்கோ, மண்ணில பாதி வித்தியாசம் அதிலயே தெரியும்.

இப்ப தார் றோட்டுக்கு ஏறப்போறன். சாவியை நிப்பாட்டித் திரும்பப் போடுறன். லைற் மினுங்குது. வண்டி உருளத் தொடங்கினதும் அணையவேணும்... அணைஞ்சிட்டுது. அணையாட்டி அந்த இடத்திலயே நிண்டு கனெக்டரைப் பாருங்கோ, வீட்டை போய்ப் பாப்பம் எண்டு ஓடாதேங்கோ. உங்கட வண்டிக்கு எந்த வயர் எண்டு கேக்கிறவங்கள் மொடலையும் வருசத்தையும் எழுதுங்கோ. மனுவல் படம் கையில இருக்கிற வண்டியளுக்கு மட்டும் அடுத்த வீடியோவில காட்டுறன்.