ஏரியில் விழுந்த சாவிக்கொத்து

அவைத்தலைவர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பரீட்சை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டத்து நண்பர்களே (பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று போன வருஷமே கேட்டேன், சரி, போகட்டும்), பின்னால் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

வால்டர் ஸ்காட் 1820இல் எழுதிய ‘தி அபாட்’ நாவலில் மூன்று விஷயம் பேசலாமென்று வந்தேன். சிறைப்பட்ட ராணி மேரி, அவளிடம் பணிவிடைக்கு வரும் பையன் ரோலண்ட், மூன்றாவது அன்றைய மதச் சண்டை.

1567 ஜூனில் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்கள் ராணியையே லாக் லெவன் ஏரிக்கு நடுவே ஒரு கோட்டையில் அடைத்தார்கள். அவளுக்கு வயது 24. அடுத்த மாதமே மிரட்டி முடியைப் பறித்து, ஒரு வயது மகனை அரசனாக்கினார்கள்.

தப்பிக்கப் பார்த்தாள். அந்தக் கதையைக் கேளுங்கள். 1568 மார்ச்சில் சலவைக்காரப் பெண்ணின் உடையைப் போட்டு, முகத்தை மூடி, துணி மூட்டையோடு படகில் ஏறிவிட்டாள். காவலர் யாருக்கும் சந்தேகமில்லை. நடு ஏரியில் ஒரு படகோட்டிக்கு விளையாட்டுப் புத்தி. “முகத்தைத்தான் பார்ப்போமே” என்று முக்காட்டை இழுக்கப் போனான். தடுக்கக் கையைத் தூக்கினாள். போச்சு! வெள்ளை வெளேரென்று, ஒரு நாளும் துணி அலசாத கை. தாய்மார்களே, உங்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள், நான் சொல்வது புரியும். படகு திரும்பிவிட்டது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். மே 2ஆம் தேதி அவளைக் காப்பாற்றியது படையல்ல, வில்லி டக்ளஸ் என்ற பையன். இரவு உணவு பரிமாறும்போது சாவிக்கொத்தின் மேல் கைத்துண்டைப் போட்டு, துண்டோடு அள்ளிக்கொண்டான். ராணியை வெளியே விட்டு, வாசலை வெளிப்பக்கம் பூட்டி, சாவியை ஏரியில் எறிந்தான் என்பார்கள். ஸ்காட் அந்த வேலையை ரோலண்டுக்குக் கொடுத்து, போலிச் சாவியும் செய்ய வைக்கிறார். எனக்கென்னவோ அந்தக் கைத்துண்டுதான் பிடிக்கிறது.

அப்புறம் 11 நாளில் லாங்சைடு போரில் அவள் படைக்குத் தோல்வி, இங்கிலாந்தில் 19 வருஷக் காவல், 1587இல் தலை போயிற்று.

சாவி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கதையின் சுருக்கத்தை எனக்குப் பதினாலு வயதில் தந்தது நம் ஊர்க் கிளை நூலகம். இன்று பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அதன் கதவில் பூட்டு. பிள்ளைகள் எப்போது படிப்பார்கள்? மாலை எட்டு மணிவரை திறக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். சிறு துரும்பும் பல் குத்த உதவும், உங்கள் ஒரு கையெழுத்தும் அப்படித்தான்.

தலைவர் மணி அடிக்கிறார். மதச் சண்டையை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். மனு பின்வரிசையிலிருந்து வருகிறது, பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.