மதிப்பீடு யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

நிகழ்ச்சித்திட்டமொன்றை மதிப்பிட வேண்டும் என்றதும் நமது அலுவலகங்களில் முதலில் திறக்கப்படுவது விநியோகப் பதிவேடுதான். 1973ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா சத்துமாவை எடுத்துக்கொள்வோம். எத்தனை பைக்கற்றுகள் வந்தன, எத்தனை தாய்மார் கையொப்பமிட்டுப் பெற்றார்கள் என்பதைப் பதிவேடு காட்டும். அது கண்காணிப்பு, அவசியமான வேலை. பைக்கற்று வீட்டுக்குள் போன பிறகு நடந்ததை அறிவதற்குத்தான் மதிப்பீடு தேவைப்படுகிறது.

கொழும்பின் மட்டக்குளியில் ஓர் ஆய்வுக்காகச் சென்ற வீட்டில் இதை நேரில் கண்டேன். நிறை குறைந்த இரண்டு வயதுக் குழந்தைக்கெனக் கிடைத்த மாவைத் தாய் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டை பிடித்து, பாடசாலையிலிருந்து வந்த மூத்தவர்கள் இருவருக்கும் பங்கிட்டார். "மற்றதுகள் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுக்கு மட்டும் எப்படிக் கொடுக்கிறது?" என்று என்னிடமே கேட்டார். குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு மூன்று மாதங்களாக மேலே ஏறவில்லை. அந்தப் பதிவேடு தொடக்கத்திலிருந்தே இருந்ததால்தான் இதையாவது சொல்ல முடிந்தது. பல திட்டங்களில் ஆரம்ப நிலையை எவரும் குறித்து வைப்பதில்லை. முடிவில் வரும் மதிப்பீட்டாளர் எதனோடு எதை ஒப்பிடுவார்?

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் அபிவிருத்தி உதவிக் குழு 1991இல் மதிப்பீட்டுக்கென ஏற்புடைமை (தேவைக்குப் பொருந்துகிறதா), விளைதிறன் (நோக்கத்தை எட்டியதா), வினைத்திறன் (வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதா), தாக்கம், நிலைபேறு (பலன் நீடிக்குமா) என ஐந்து நியதிகளை முன்வைத்தது. 2019இல் ஒத்திசைவு (மற்றத் திட்டங்களோடு இணங்குகிறதா) ஆறாவதாகச் சேர்ந்தது. இரண்டு வார ஆய்வொன்றில் ஆறையும் அள்ளிப் போட்டு, ஒன்றுக்கும் உருப்படியான விடையின்றி முடிப்பதை விட, திட்டத்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று தீர்மானிக்கப் போகிறவரிடம் முதலிலேயே பேசி, அவருக்குத் தேவையான இரண்டு கேள்விகளை ஆழமாகக் கேட்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பின்னர் வந்துசேரும் அறிக்கை, எவ்வளவு நேர்த்தியானதாயினும், அந்த ஆண்டுக்கு உதவாது.

யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். பொருளை வழங்கும் உத்தியோகத்தரே வினாக்கொத்துடன் வாசலில் நின்றால், உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லாம் நல்லது என்றே பதில் வரும். கொழும்பில் மொழியும் சேர்ந்துகொள்கிறது: வீட்டில் தமிழ் பேசும் தாயிடம் சிங்களத்தில் கேட்டால், கேள்வி பாதி விளங்கிய நிலையிலேயே தலையசைத்துவிடுகிறார்.

மட்டக்குளி ஆய்வின் முடிவுகளை அச்சிடுமுன், அந்த வீடு இருந்த தோட்டத்து, அதாவது நெருக்கமான நகரக் குடியிருப்பின், தாய்மாரைக் கூட்டித் தமிழில் வாசித்துக் காட்டினோம். குடும்பங்கள் மாவைப் பங்கிடுகின்றன என்ற வரியில் ஒரு தாய் எங்களை நிறுத்தினார். மாதம் முழுவதும் பங்கிடுவதில்லை, கையில் காசு முடிந்துபோகும் கடைசிப் பத்து நாட்களில்தான் என்றார், சுற்றியிருந்தவர்களும் ஆமோதித்தார்கள். எங்கள் வினாக்கொத்தில் மாதத்தின் எந்த நாட்களில் பங்கிடுகிறார்கள் என்பது பற்றி ஒரு கேள்வியும் இருக்கவில்லை. அந்தப் பகுதியைத் திரும்ப எழுதினோம். பைக்கற்றுகளை மாதத்தின் எந்த வாரத்தில் கொடுப்பது என்பது அதன் பின்னர்தான் பரிந்துரைகளில் இடம்பெற்றது.