மெயில் அட்ரஸ்ல டொமைனுக்கு பதிலா ஐபி போட்டா போகுமா?

வணக்கம் மக்களே! மெயில் அட்ரஸ்ல @க்கு அப்புறம் டொமைன் பேர் தான் வரணும்னு இல்ல, ஐபி அட்ரஸையே போடலாம், மெயில் அனுப்புற முறையான எஸ்எம்டிபியோட ரூல்ஸ்லயே அதுக்கு இடம் இருக்கு.

ஸ்கிரீன்ல: குமார்@[192.0.2.25]

அந்த சதுர பிராக்கெட்ட பாருங்க, விஷயமே அதுல தான் இருக்கு. அது இருந்தா பேர ஐபியா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ் கிட்ட கேக்காத, டொமைனோட மெயில் சர்வர் எதுன்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்ட் தேடாத, நேரா இந்த மெஷின்ல மெயில் வாங்குற வாசலான 25ஆம் நம்பர் போர்ட்டுக்குப் போன்னு அர்த்தம். ஐபிவி6னா பிராக்கெட்டுக்குள்ள முதல்ல ஐபிவி6னு எழுதி ஒரு கோலன் வச்சு, அப்புறம் தான் அட்ரஸ்.

இது 1982லயே வந்தது. டிஎன்எஸ் ஸ்பெக் வந்ததே 1983ல தான், அதுக்கு முன்னாடி எல்லா மெஷின் பேரும் ஒரே ஃபைல்ல இருக்கும், அதுல பேர் ஏறாத மெஷினுக்கு எப்படி அனுப்புறது, அதுக்குத் தான் இது. ஆனா அப்பவே மெயில் ஃபார்மட்டுக்கான ஸ்டாண்டர்டான ஆர்எஃப்சி 822ல இத தற்காலிகமா மட்டும் யூஸ் பண்ணுங்கன்னு அழுத்தி எழுதிட்டாங்க.

இன்னைக்கும் இதுக்கு ஒரு உருப்படியான வேலை இருக்குங்க. ஒருத்தரோட டிஎன்எஸ்ஸே படுத்துருச்சுன்னு வைங்க, அத அவங்களுக்கு மெயில்ல சொல்லணும்னா டொமைன் பேர வச்சு எப்படி அனுப்புவீங்க? மெயில் சர்வர பாத்துக்குறவங்களுக்கான பொது அட்ரஸ் போஸ்ட்மாஸ்டர், அதனால போஸ்ட்மாஸ்டர்@ போட்டு பிராக்கெட்டுக்குள்ள ஐபிய குடுத்தா போய்ச் சேர வழி இருக்கு. அதனால சொந்தமா மெயில் சர்வர் வச்சிருக்கவங்க இத அடைச்சு வைக்கக் கூடாதுங்கிறது என் கருத்து.

தினசரி மெயிலுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஃப்ரம்ல ஐபி இருந்தா, அனுப்புனது நிஜமா அந்த டொமைன் தானான்னு பாக்குற எஸ்பிஎஃப், டிமார்க் எதுவும் செக் பண்ண முடியாது, ஸ்பேம்னு தள்ளிருவாங்க. அதோட வாடகைக்கு எடுத்த சர்வரான விபிஎஸ்ஸ விட்டுட்டா அதே ஐபி நாளைக்கு வேற யாருக்கோ போகும், உங்களுக்கு வர்ற மெயிலும் அவங்க சர்வர் கதவத் தான் தட்டும்.

உங்க சர்வர்ல டெஸ்ட் பண்ண, வெளிய இருந்து டெல்நெட்ல 25க்கு கனெக்ட் பண்ணி, ஹலோ (HELO) கமாண்ட் சொல்லி, மெயில் ஃப்ரம் (MAIL FROM) குடுத்து, ஆர்சிபிடி டூல (RCPT TO) போஸ்ட்மாஸ்டரோட உங்க ஐபிய பிராக்கெட்ல குடுங்க. 250 வந்தா ஏத்துக்குது, 550 மாதிரி 5ல ஆரம்பிச்சா இல்ல. மெயில் சர்வர் சாஃப்ட்வேரான போஸ்ட்ஃபிக்ஸ் தன்னோட ஐபிய தானாவே எடுத்துக்கும், ஆனா சர்வர், உள் ஐபிய வெளி ஐபியா மாத்துற என்ஏடி (NAT) ரவுட்டருக்குப் பின்னாடி இருந்தா வெளி ஐபி அதுக்குத் தெரியாது, ப்ராக்ஸி இன்டர்ஃபேஸஸ் செட்டிங்ல நீங்க தான் எழுதணும். இன்னொரு மெயில் சர்வர் சாஃப்ட்வேரான எக்ஸிம்ல டொமைன் லிட்டரல்ஸ், அதாவது இந்த பிராக்கெட் ஐபி வசதி, டீஃபால்ட்டா ஆஃப், அத ஆன் பண்ணி உங்க ஐபிய பிராக்கெட்டோட லோக்கல் டொமைன்ஸ் லிஸ்ட்லயும் சேர்த்துட்டு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க.