வாக்குச்சீட்டில் ஒரு பள்ளிக்கூடம்: போர்ட்லண்ட் நகரின் கடன்பத்திரங்கள்

(திரையில்: அஞ்சல் உறையிலிருந்து எடுக்கப்படும் ஒரு வாக்குச்சீட்டு)

வணக்கம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஒரிகன் மாநிலத்தில் வாக்குச்சாவடி வாசலில் வரிசையில் நிற்கும் வழக்கம் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தேர்தலுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே வாக்குச்சீட்டு அஞ்சலில் வீட்டுக்கு வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்து நிதானமாகப் படித்து, நிரப்பி, உறையின் மேல் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். அந்தச் சீட்டில் வேட்பாளர்களின் பெயர்களோடு சில தேர்தல்களில் ஒரு கேள்வியும் இருக்கும்: உங்கள் ஊர்ப் பள்ளிகளைப் புதுப்பிப்பதற்காக இத்தனை கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிடலாமா?

அந்தக் கேள்வியை எழுதுவதற்கும் கணக்கு உண்டு. உள்ளூர் முன்மொழிவு ஒன்றின் தலைப்பு 10 சொற்களையும், கேள்வி 20 சொற்களையும், சுருக்க விளக்கம் 175 சொற்களையும் தாண்டக் கூடாது என்று ஒரிகன் சட்டம் சொல்கிறது. கேள்விக்கு அடியில் வரவேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் சட்டமே வார்த்தை மாறாமல் எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்தப் பத்திரங்களுக்கு ஒப்புதல் கிடைத்தால், மாநில அரசியலமைப்பு விதித்திருக்கும் உச்சவரம்புகளுக்குக் கட்டுப்படாத சொத்து வரியிலிருந்து அவை அடைக்கப்படும் என்பது அதன் பொருள். பலர் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துபோகும் வாக்கியம் அது. ஆனால் போர்ட்லண்ட் நகரின் உயர்நிலைப் பள்ளிகள் எப்படிப் புதுப்பிக்கப்பட்டன என்பதைப் புரிந்துகொள்ள அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

(திரையில்: 1990, 1997)

1990-இல் ஒரிகன் வாக்காளர்கள் ஐந்தாம் முன்மொழிவு என்ற ஒன்றை நிறைவேற்றினார்கள். ஒரு சொத்தின் சந்தை மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 5 டாலருக்கு மேல் பள்ளிகளுக்காகவும், 10 டாலருக்கு மேல் மற்ற உள்ளாட்சிகளுக்காகவும் வரி வாங்கக் கூடாது என்று அது தடுத்தது. 1997-இல் வந்த ஐம்பதாம் முன்மொழிவு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வரி விதிப்பதற்கான மதிப்பை 1995-96 ஆண்டின் சந்தை மதிப்பிலிருந்து 10 சதவீதம் குறைத்து நிர்ணயித்து, அது பொதுவாக ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்றும் கட்டிவிட்டது. இதனால் ஆசிரியர் சம்பளம் போன்ற அன்றாடச் செலவுகளின் பெரும்பங்கு மாநில அரசின் தலையில் விழுந்தது. கட்டடச் செலவுக்கு மாநிலம் பொறுப்பேற்கவில்லை. கூரை ஒழுகினாலும், நூறு ஆண்டுப் பழமையான சுவரை நிமிர்த்த வேண்டுமானாலும், பள்ளி மாவட்டத்துக்கு மிஞ்சியிருந்த பெரிய வழி ஒன்றுதான்: வாக்காளர் ஒப்புக்கொண்ட கடன்பத்திரத்துக்கான வரி அந்த உச்சவரம்புகளுக்குள் வராது.

இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று. அது பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த தனி உள்ளாட்சி. அதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த வாரியமும், வரி விதிக்கும் அதிகாரமும், கடன் வாங்கும் அதிகாரமும் உண்டு.

(திரையில்: ஒரு பத்திரத்தின் பயணம்)

கடன்பத்திரம் எப்படி இயங்குகிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் பள்ளி மாவட்டத்துக்குக் கடன் வாங்கும் உரிமை கிடைக்கிறது. பணம் அன்றே கைக்கு வருவதில்லை. பணி நடக்க நடக்க, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, தவணை தவணையாகப் பத்திரங்கள் விற்கப்படுகின்றன. மொத்தப் பணத்தையும் ஒரேயடியாக வாங்கி வங்கியில் போட்டு வட்டி சம்பாதிக்கக் கூடாது என்பதற்காக, விற்ற பணத்தில் 85 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்குள் செலவிடுவோம் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்று மத்திய வரி விதிகள் கேட்கின்றன.

பத்திரங்கள் வழக்கமாக 5,000 டாலர் மடங்குகளில் விற்கப்படும். 5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு பத்திரத்துக்கு ஆண்டுக்கு 250 டாலர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை 125 டாலராகக் கிடைக்கும். இந்த வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது என்பதுதான் உள்ளாட்சிப் பத்திரங்களின் பெரிய கவர்ச்சி. 1913-இல் வருமான வரிச் சட்டம் வந்த நாளிலிருந்தே இருக்கும் சலுகை இது. 24 சதவீத வரி வரம்பில் இருக்கும் ஒருவருக்கு, வரியில்லாத 4 சதவீத வட்டியும் வரியுள்ள ஏறத்தாழ 5.26 சதவீத வட்டியும் ஒன்றுதான். ஆகவே அவர் குறைந்த வட்டிக்கே கடன் கொடுக்க முன்வருகிறார். பள்ளிக்கு அந்த வித்தியாசம் லாபம். அந்த லாபத்தின் செலவை ஏற்பது வாஷிங்டன் கருவூலம் என்பதை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

இந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதிலும் வேலி உண்டு. நிலம், கட்டடம், ஓராண்டுக்கு மேல் உழைக்கும் கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். வழக்கமான பராமரிப்புக்கோ சம்பளத்துக்கோ தொடக் கூடாது. 2023 நவம்பரில் போர்ட்லண்ட் ஆசிரியர்கள் அந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக வேலைநிறுத்தம் செய்து, 11 பள்ளி நாள்கள் வகுப்புகள் நின்றபோது, பளபளக்கும் புதிய கட்டடங்களைக் காட்டி, இதற்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு பானைச் சோற்றை இன்னொரு பானையில் போட முடியாதபடி சட்டம் இரண்டு அடுப்புகளையும் பிரித்து வைத்திருக்கிறது.

(திரையில்: செங்கல் முகப்புடன் ஒரு பழைய பள்ளி)

இனி பள்ளிகளுக்கு வருவோம். போர்ட்லண்டின் பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளிகளில் பல, 1910-களிலும் 1920-களிலும் செங்கல்லால் எழுப்பப்பட்டவை. கிராண்ட் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது 1924-இல். அவற்றைக் கட்டியவர்களுக்கு அந்தக் கடலோரத்தில் மாபெரும் நிலநடுக்கம் வரக்கூடும் என்பது தெரியாது. கடற்கரைக்கு அப்பால் இருக்கும் காஸ்கேடியா பிளவில் கடைசியாக அப்படி ஒன்று நிகழ்ந்தது 1700 ஜனவரி 26-ஆம் தேதி என்பதே இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கண்டறியப்பட்டது. அதனால் புதுப்பித்தல் என்றால் வெள்ளையடிப்பது அல்ல. பழைய செங்கல் முகப்பை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் பின்னால் புதிய கான்கிரீட் சுவர் எழுப்பி, ஒவ்வொரு தளத்தையும் சுவரோடு இரும்பால் பிணைக்கும் வேலை அது. முடிந்த பிறகு தெருவில் நின்று பார்ப்பவருக்கு அதில் பெரும்பகுதி தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு வாக்குக் கேட்பது எளிதன்று.

2011 மே மாதம் 54.8 கோடி டாலர் கேட்டு மாவட்டம் வாக்காளர்களிடம் போயிற்று. மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. மறு ஆண்டு நவம்பரில் தொகையை 48.2 கோடியாகக் குறைத்து, ரூஸ்வெல்ட், ஃபிராங்க்ளின், கிராண்ட் என்று மூன்று உயர்நிலைப் பள்ளிகளைப் பெயர் சொல்லி முன்னிறுத்தியது, எளிதாக வென்றது. தொகை குறைந்ததைவிட, எந்தப் பள்ளிக்கு என்ன நடக்கும் என்பது தெளிவானதே வெற்றிக்குக் காரணம் என்பது என் கணிப்பு. அதிபர் தேர்தலோடு சேர்ந்து வந்ததால் வாக்களிக்க வந்தவர்களும் அதிகம்.

கட்டடம் எழும்போது மாணவர்கள் எங்கே போவார்கள்? நகரின் தென்கிழக்கில் மார்ஷல் என்ற உயர்நிலைப் பள்ளி 2011-இல் மூடப்பட்டிருந்தது. அதன் கட்டடம் ஒரு சத்திரம்போல ஆயிற்று. 2015 முதல் ஈராண்டு ஃபிராங்க்ளின் மாணவர்கள் அங்கே தங்கினார்கள்; அவர்கள் வெளியேறியதும் கிராண்ட், பிறகு மாடிசன், பிறகு பென்சன். ரூஸ்வெல்ட் மாணவர்கள் மட்டும் இடம்பெயராமல் கட்டுமானச் சத்தத்துக்கு நடுவிலேயே படித்தார்கள். நான்கு ஆண்டு உயர்நிலைப் படிப்பில் சரிபாதியை இன்னொரு பள்ளியின் கட்டடத்தில் கழித்துவிட்டு, தன் பள்ளி புதிதாகித் திறக்கும்போது பட்டம் பெற்று வெளியேறிய பிள்ளைகளும் உண்டு. கடன்பத்திரத்தின் விலைப்பட்டியலில் அதற்கு இடம் கிடையாது.

(திரையில்: 79 கோடி)

இந்தக் கதையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் 2017. அதற்கு முந்தைய ஆண்டு சில பள்ளிகளின் குடிநீரில் ஈயம் இருப்பது தெரிந்து, மாவட்டம் முழுவதும் குடிநீர்க் குழாய்கள் அடைக்கப்பட்டு, பிள்ளைகள் புட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூழலில் 2017 மே மாதம் 79 கோடி டாலருக்கான பத்திரம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஈயம் முதலான பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய 15 கோடி; மீதி பெரும்பாலும் மாடிசன், லிங்கன், பென்சன் ஆகிய மூன்று உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கெல்லாக் நடுநிலைப் பள்ளிக்கும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகுதான் கணக்கு இடித்தது. வாக்குச்சீட்டில் அச்சான தொகைக்கு அந்தப் பள்ளிகளைக் கட்டி முடிக்கவே முடியாது என்பது ஓரிரு ஆண்டுகளில் வெளிப்பட்டது. பற்றாக்குறை 20 கோடி டாலருக்கும் மேல். பென்சன் தொழில்நுட்பப் பள்ளிக்குச் சொல்லப்பட்ட தொகை சுமார் 20 கோடி. 2024-இல் அது திறந்தபோது ஆன செலவு சுமார் 40 கோடி. விலைவாசி ஏற்றம் ஒரு காரணம்தான், அதுவே முழுக் காரணம் அன்று. பின்னர் நடந்த தணிக்கை, தொடக்க மதிப்பீடுகளே தாழ்வாக இருந்தன என்றது.

வீடு கட்டியவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது சுவருக்கும் கூரைக்கும். வரைபடக் கட்டணம், அனுமதிக் கட்டணம், மேசை நாற்காலி, இடமாற்றச் செலவு, எதிர்பாராததற்கு ஒதுக்கும் தொகை ஆகியவை தனி. அதற்கும் மேலாக, இன்று கேட்ட விலைக்கு நான்கு ஆண்டு கழித்து யாரும் வேலை செய்ய மாட்டார்கள். ஆகவே கட்டுமானம் பாதி நடந்திருக்கும் ஆண்டின் விலையை ஊகித்துப் போடுவதே முறை. இந்த இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். கூட்டுத்தொகை மட்டும் பொய்யாக இருக்கும். வாக்காளர் எவ்வளவு தாங்குவார் என்ற கருத்துக்கணிப்பு ஒருபுறமும், கட்டடம் எவ்வளவு கேட்கிறது என்ற மதிப்பீடு மறுபுறமும் இருக்கும்போது, இரண்டாவது எண் முதலாவதற்கு ஏற்ப வளையும் ஆபத்து எப்போதும் உண்டு. பொறியாளர் சொல்ல வேண்டிய எண்ணைப் பிரசாரம் சொல்ல ஆரம்பித்துவிடும். தன்னார்வக் குடிமக்கள் குழு ஒன்று செலவைக் கண்காணிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் பணி தொடங்குவது வாக்கெடுப்புக்குப் பிறகு.

(திரையில்: ஒரு வீட்டின் வரிக் கணக்கு)

2020 நவம்பரில் 120.8 கோடி டாலருக்கு அடுத்த பத்திரம் வந்தது. பென்சனை முடிப்பதற்கான பணமும் அதில்தான் இருந்தது. வரி விகிதம் உயராது என்பதே பிரசாரத்தின் முக்கிய வாசகம்: வரி மதிப்பில் ஆயிரத்துக்கு சுமார் 2.50 டாலர் என்பது அப்படியே நீடிக்கும். வரி மதிப்பு 2 லட்சம் டாலர் உள்ள ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 500 டாலர். வாசகம் உண்மைதான், ஆனால் அரை உண்மை. பழைய கடன் அடைந்துகொண்டே வரும்போது வரி இறங்க வேண்டும். இறங்காமல் இருப்பதற்குத்தான் வாக்காளர் ஒப்புதல் தருகிறார். இன்னொரு கோணலும் இதில் உண்டு. 1995-96 மதிப்பை அடித்தளமாகக் கொண்டதால், அந்தக் காலத்தில் மலிவாக இருந்து பின்னர் விலை எகிறிய பகுதியில் இருக்கும் வீடு, அதே சந்தை விலையுள்ள வேறு பகுதி வீட்டைவிட மிகக் குறைவாகவே இந்தக் கடனுக்குச் செலுத்துகிறது.

2025 மே மாதம் தொகை 183 கோடி டாலரை எட்டியது. ஜெஃபர்சன், கிளீவ்லண்ட், ஐடா பி. வெல்ஸ் ஆகிய மூன்று உயர்நிலைப் பள்ளிகள் முக்கியமானவை; ஒவ்வொன்றும் 40 கோடியைத் தாண்டும் என்ற மதிப்பீடு உள்ளூரில் கடும் விவாதத்தைக் கிளப்பியது. கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ஆல்பைனா வட்டாரத்தின் பள்ளியான ஜெஃபர்சன் 2020 பத்திரத்திலேயே இடம்பெற்றது. அங்கிருந்த குடும்பங்கள், பிள்ளைகளை ஊரின் மறுகோடியில் உள்ள மார்ஷலுக்கு அனுப்புவதை ஏற்கவில்லை; இன ஒதுக்கலை நீக்குகிறோம் என்ற பெயரில் முந்தைய தலைமுறைப் பிள்ளைகளைப் பேருந்தில் தொலைவுக்கு ஏற்றி அனுப்பிய வட்டாரம் அது. பழைய கட்டடத்தில் வகுப்புகள் நடக்க, அதே வளாகத்தில் புதியதைக் கட்டுவது என்று திட்டம் மாறியது. செலவும் காலமும் கூடின. இந்த முறை பெரிய எண்ணை முன்கூட்டியே சொன்னதற்காக மாவட்டம் திட்டு வாங்கியது. 2017-இல் சிறிய எண்ணைச் சொன்னதற்குப் பிறகு திட்டு வாங்கியதைவிட இது மேல். வாக்காளர்கள் மீண்டும் ஒப்புக்கொண்டார்கள்.

(திரையில்: அக்டோபர் மாதத்து வரிச்சீட்டு)

ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் சொத்து வரிச்சீட்டு வீட்டுக்கு வரும். நவம்பர் 15-க்குள் முழுத்தொகையையும் கட்டினால் 3 சதவீதத் தள்ளுபடி. அதில் மூன்று தொகுதிகள் இருக்கும். முதலில் கல்வி, அடுத்து பொது நிர்வாகம். இரண்டுக்கும் 1990-இன் உச்சவரம்பு பொருந்தும். மூன்றாவதாகக் கடைசியில், வரம்புக்கு வெளியே என்ற தலைப்பின் கீழ், பள்ளிக் கடன்பத்திரத்துக்கான தொகை தனி வரியாக அச்சாகியிருக்கும். வாக்குச்சீட்டில் கேள்விக்கு அடியில் இருந்த அந்த ஒற்றை வாக்கியம், இப்போது டாலரும் சென்ட்டுமாக.