எந்த இலக்குக்குத் தண்ணி பாய்ச்சுறது?

[காட்சி: மேட்டூர் அணை மதகு, அடுத்து வறண்ட வாய்க்கால்]

டெல்டாவுல ஜூன் 12-ங்கற தேதிய காலண்டர் பாக்காமலே சொல்லுவாங்க. மேட்டூர் திறக்க வேண்டிய நாள். 120 அடி அணை, முழுசா நிறைஞ்சா 93.47 டிஎம்சி தண்ணி. ஆனா 2024-ல ஜூன்ல திறக்கல. ஜூலை 28-ஆம் தேதிதான் விட்டாங்க. அந்த மாதிரி வருஷத்துல போர்வெல் இல்லாத விவசாயி என்ன பண்ணுவார்? குறுவை நெல்ல விட்டுட்டு நேரா அடுத்த போகமான சம்பாவுக்குப் போயிடுவார். கடைத்தெருவுல யாராவது கேட்டா, "இந்த வருஷம் குறுவை இல்லப்பா"ன்னு சொல்லிட்டு டீயக் குடிப்பார். அதுல அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

அதே வீட்டுப் பையன்கிட்ட இந்த வருஷம் என்ன பிளான்னு கேளுங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சை, ஸ்போக்கன் இங்கிலீஷ், ஜிம், யூடியூப் சேனல். போதாததுக்கு, சிங்கப்பூர்ல இருக்கற மாமா சொன்ன வேலை வேற. ஒண்ணையும் விட மாட்டார்.

[திரையில்: "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கையில இருக்கு?"]

ஒரு உதாரணத்துக்கு, இந்தத் தம்பி மன்னார்குடில ஒரு மொபைல் கடைல வேலை பாக்கறார்னு வெச்சுக்குவோம். காலைல 10 மணிக்குக் கடை, ராத்திரி 9-க்கு ஷட்டர். டவுன் பஸ் பிடிச்சு வீடு சேர 10 ஆயிடும். நிஜமா மிச்சம் இருக்கறது காலைல 2 மணி நேரம், ஞாயித்துக்கிழமை ஒரு பாதி. வாரத்துக்கு 16, 17 மணி நேரம். அதுக்குள்ளதான் அஞ்சு ஆசையும் அடங்கணும்.

குரூப் 4-ல 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். அதுல 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறி. தமிழ் நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு பலர் அதத் தொடறதே இல்ல. பாதிப் பரீட்சை அதுலதான் இருக்கு! ஸ்கூல் புக்க உக்காந்து படிக்கணும்னா வாரத்துக்கு 10 மணி நேரமாவது போகும். பாக்கி 6 மணி நேரத்துல ஜிம்முக்கு வேணா இடம் இருக்கு. சேனலுக்கு இல்ல. ஒரு வீடியோ எடுத்து, எடிட் பண்ணி, ஏத்தறதுக்குள்ள அந்த ஞாயிறு முடிஞ்சிடும். இத நானே ஒரு வீடியோல சொல்றேன், சிரிக்காதீங்க.

இன்னொரு சிக்கல், நாம போடற கணக்கே எப்பவும் குறைச்சலாத்தான் இருக்கும். 1994-ல ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள், ஆய்வேடு எழுதிட்டு இருந்த மாணவர்கள்கிட்ட எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு பதில் வந்துச்சு. முடிச்சவங்களுக்கு ஆனது 55 நாளுக்கு மேல. அதனால மனசு 3 மாசம்னு சொன்னா, 5 மாசம்னு எழுதிக்குங்க.

அடுத்தவர் பிளான அப்படியே காப்பி அடிக்கறதும் இதே கதைதான். போர்வெல் வெச்சிருக்கறவர் குறுவை போட்டார்னு, வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைல இருக்கறவர் நாத்து விட முடியுமா? வேலைக்குப் போகாம வீட்லயே உக்காந்து ரெண்டு வருஷம் படிச்சவரோட டைம்டேபிள், கடைல நின்னுட்டு வர்றவருக்குப் பொருந்தாது.

[திரையில்: "இது யாரோட ஆசை?"]

கெனான் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தனக்கே பிடிச்சு, தனக்கே முக்கியம்னு பட்டு எடுத்த இலக்குல மனுஷங்க விடாம உழைக்கறாங்க. நெருக்கடிக்காகவோ குற்ற உணர்ச்சிக்காகவோ எடுத்ததுல அந்த உழைப்பு நீடிக்கறதில்ல. நம்ம ஊர்ல அந்த நெருக்கடி கல்யாணப் பந்தில, பக்கத்து இலைல இருந்து வரும்: "தம்பி இப்ப என்ன பண்றாப்ல?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்காகவே பாதி இலக்கு பொறக்குதுன்னு நான் நினைக்கறேன். ஸ்டேட்டஸ் போடக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா அப்பவும் இதச் செய்வீங்களா? இல்லன்னா தள்ளி வைங்க.

ஒண்ணு மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சி கல்யாணக் கடன அடைக்க சிங்கப்பூர் போறது அடுத்தவங்க ஆசை இல்ல. அந்தக் கடன உங்க பொறுப்பா நீங்க நினைச்சா, அது உங்க இலக்குதான்.

[திரையில்: "கட்டின ஃபீஸ்"]

தப்பான இலக்குன்னு தெரிஞ்சும் விட முடியாததுக்குப் பெரிய காரணம் இது. கோச்சிங்குக்கு 15,000 ரூபாய் கட்டியாச்சு, எப்படி விடறது? 1985-ல ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் ஒரு நாடக சீசன் டிக்கெட்ட வெச்சு இதச் சோதிச்சாங்க. சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி, யாருக்குன்னு குருட்டாம்போக்குல. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா சீசனோட முதல் பாதில, முழு விலை கொடுத்தவங்கதான் அதிகமா வந்தாங்க. போன பணம் அவங்க கால இழுத்துட்டு வந்துச்சு. நீங்க கேட்டுக்க வேண்டியது வேற: இன்னைக்கு இது இலவசமா கிடைச்சா, அடுத்த 6 மாசத்த இதுக்குக் கொடுப்பேனா?

விடறது தோல்வின்னு நினைக்கறவங்களுக்கு: கார்ஸ்டன் ராஷ் குழு 2003-ல எழுதினது இதுதான். எட்ட முடியாத இலக்க விட்டுட்டு, வேற ஒண்ணப் பிடிச்சுக்கத் தெரிஞ்சவங்க மனசளவுல நல்லா இருந்தாங்க. வேற ஒண்ணப் பிடிச்சுக்கறதுங்கறதும் அதே அளவு முக்கியம். வெறுமனே விட்டுட்டுச் சும்மா உக்காந்தா, கையில மிச்சமாகற அந்த நேரத்த ஃபோன் எடுத்துக்கும்.

எப்ப விடறதுங்கறத ஆரம்பிக்கற அன்னைக்கே முடிவு பண்ணிடுங்க. ஃபீஸ் ரசீதுக்குப் பின்னாடி ஒரு தேதியும் ஒரு மார்க்கும் எழுதுங்க: பொங்கல் முடிஞ்சதும் வர்ற மாதிரித் தேர்வுல 200-க்கு 140 கேள்வி சரியா வரணும். 140-ங்கறது சும்மா ஒரு உதாரணம், உங்க நம்பர நீங்க போட்டுக்குங்க. 90-லயே நின்னா, அப்ப சிங்கப்பூருக்குப் ஃபோன் பண்ணலாம். அதுவரைக்கும் மாமாகிட்ட, "பொங்கல் வரைக்கும் பொறுங்க மாமா, அப்புறம் நானே கூப்பிடறேன்"னு சொல்லிடுங்க. திட்டுவார். திட்டட்டும்.